ஆரஞ்சுக் கல் ரோடு

பிரான்ஸ் தேசத்துக்கு விமானம் ஏறிப் போய், அங்கே பத்து நாள் சைக்கிள் மிதித்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். நிஜமாக! ஈஃபில் டவர், மோனாலிசா எல்லாம் அவர்களுக்கு இரண்டாம்பட்சம். விசா, டிக்கெட், ஓட்டல் வாடகை எல்லாம் கட்டி அவர்கள் செய்கிற காரியம், நம் ஊர்ப் பால்காரர் தினம் காலை ஐந்து மணிக்குச் சும்மா செய்கிற காரியம்.

சிரிப்பதற்கு முன்னால் விஷயத்தைக் கேளுங்கள். அவர்கள் காசு கொடுப்பது சைக்கிளுக்கு இல்லை. லாரி இல்லாத ரோட்டுக்கு.

லுவார் என்று ஒரு நதி. அதன் கரையோரமாகச் சுமார் 900 கிலோமீட்டருக்கு சைக்கிள் வழி அமைத்திருக்கிறார்கள். தெற்கே 1681-ல் வெட்டி முடித்த ஒரு பெரிய கால்வாய். குதிரைகள் கரையில் நடந்து படகை இழுக்க அந்தக் காலத்தில் பாதை போட்டிருந்தார்கள். குதிரைகள் ரிடையராகிவிட்டன; பாதையில் இப்போது சைக்கிள் போகிறது. பர்கண்டி பக்கம் ரயில் நின்றுபோன ஒரு பழைய லைனில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, 1997-ல் நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் என்று திறந்துவிட்டார்கள். ‘பச்சை வழி’ என்று பெயர். மோட்டார் வண்டி உள்ளே வரக் கூடாது. வழி நெடுக நதிப் பள்ளத்தாக்கு, கல்லால் கட்டின பழைய கிராமம், சர்ச், திராட்சைத் தோட்டம், ரொட்டிக் கடை. பின்னால் ஒருத்தன் ஏர் ஹார்ன் அடிக்காமல் முழுசாக ஒரு மணி நேரம்... அதற்குத்தான் அத்தனை யூரோ.

இந்த சமாசாரம் நம்மிடம் இல்லையா என்றால், இருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆறு இருக்கிறது, மலை இருக்கிறது, பிரெஞ்சு கிராமங்களைவிடப் பழைய கிராமங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு வித்தியாசம். அவர்கள் யோசித்து, திட்டம் போட்டு, பலகை நட்டு அந்த அமைதியை வைத்திருக்கிறார்கள். நம்முடையது யாரும் கவனிக்காததால் தப்பித்துக் கிடக்கிறது.

(பிரெஞ்சுக்காரர்களே இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். 1750-ல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்து, 1761-ல் இங்கிலீஷ்காரனிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அப்போது சைக்கிள் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நாள் இருந்திருப்பார்களோ, என்னவோ. அந்தக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்திருக்கிறது. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் திருவண்ணாமலையிலிருந்து அங்கே போகிற நேர் வழி நெடுஞ்சாலை. பஸ்ஸில் போய்விடுங்கள்.)

* * *

நெடுஞ்சாலை வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் பயம். பி.காம். படித்தவன், கணக்கோடுதான் பயப்படுவேன். இந்தியாவின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு சுமார் 2 சதவீதம். 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 61,038 பேர் அந்த 2 சதவீதத்தில். அதாவது நூற்றுக்கு முப்பத்தாறு! இப்படி ஒரு பிராஞ்ச் இருந்தால் எந்த முதலாளியும் மறுநாளே இழுத்து மூடிவிடுவார்.

ரொம்ப தூரம் போக வேண்டாம். 2023 அக்டோபரில், செங்கத்துக்குப் பக்கத்தில், ஒரே மாதத்தில் இரண்டு விபத்துகள். முதலாவதில் ஏழு பேர். பத்து நாள்கூட ஆகவில்லை, இரண்டாவதில் இன்னொரு ஏழு பேர். காரில் போனவர்களுக்கே அந்த கதி. அந்த ரோட்டின் ஓரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் அகலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவன் எந்த தைரியத்தில் ஓட்டுகிறான் என்று நினைக்கிறீர்கள்? தைரியம் எல்லாம் ஒன்றும் கிடையாது. அவனுக்கு வேறு வழி தெரியாது, அல்லது வேறு வண்டி கிடையாது.

வேறு வழி தெரிந்துகொள்ள சுலபமான உபாயம் ஒன்று உண்டு. இதற்கு செல்போன்கூட வேண்டாம். ரோட்டோர மைல்கல்லின் தலையைப் பாருங்கள்.

தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. மரியாதையாகத் திரும்பிவிடுங்கள். பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. அதிகாலையில், அவசரத்துக்கு, கொஞ்ச தூரம் போகலாம். கறுப்பு அல்லது நீலம் என்றால் மாவட்டச் சாலை. பரவாயில்லை, பஸ்ஸும் டிராக்டரும் வரும், ஆனால் லாரி வரிசை கட்டி வராது. தலை ஆரஞ்சு நிறமாக இருந்தால் இறங்கி அந்தக் கல்லை ஒரு முறை தொட்டுக் கும்பிடுங்கள். அது கிராமச் சாலை. 2000-ல் ஆரம்பித்த பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தின் புண்ணியத்தில் நாடு முழுக்கப் போட்டது. தார் ரோடு, ஒரு வண்டி அகலம், இரண்டு பக்கமும் வயல், ஆறு கிலோமீட்டருக்கு ஒரு மோட்டார் பைக். பிரெஞ்சுக்காரன் கோடி கோடியாகக் கொட்டிச் செய்த ‘பச்சை வழி’யை நம் அரசாங்கம் தனக்கே தெரியாமல் ஆரஞ்சு கலரில் போட்டு வைத்திருக்கிறது.

கல்லின் மேல் கட்சி போஸ்டர் ஒட்டியிருந்தால் நிறம் தெரியாது. அப்போது ஆட்களைத்தான் கேட்க வேண்டும். அதில் ஒரு சிக்கல்.

கிராமத்துக்காரர்கள் நல்லவர்கள். வழி கேட்டால் நமக்கு நல்லது செய்யத்தான் பார்ப்பார்கள். ஒரு டீக்கடையில் எனக்கு நடந்தது:

“இன்னா சார், காஞ்சிக்கா? இப்படியே பின்னால போயி மெயின் ரோட்டப் புடிங்க. ஜம்முனு போலாம்.”

“மெயின் ரோடு வேணாம்ணா. ஏரிக்கரை மேல ஒரு வழி இருக்குன்னாங்களே...”

“இருக்குது. ஆனா அது வேணாம் சார்.”

“ஏண்ணா, ரோடு மோசமா?”

“ரோடு நல்லாத்தான் கீது. ஒரு லாரி, ஒரு பஸ்ஸு போவாது சார் அதுல!”

அவர் எச்சரிக்கிறார்! நான் நன்றி சொல்லிவிட்டு ஏரிக்கரைப் பக்கம் திரும்பினேன். அவர் கடையை விட்டு வெளியே வந்து, நான் கண்ணிலிருந்து மறையும்வரை கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு கேள்விக்கும் தயாராக இருங்கள். பேன்ட், ஷூ, ஹெல்மெட் போட்ட ஆசாமி சைக்கிளில் வந்தால் அவர்களால் ஜீரணிக்க முடியாது. “பைக் ரிப்பேரா சார்?” என்பது முதல் கேள்வி. இல்லை என்றால், “டாக்டர் ஓட்டச் சொன்னாரா?” அதுவும் இல்லை என்றால் கடைசியாக, கொஞ்சம் குரலை இறக்கி, “வேண்டுதலா சாமி?” திருவண்ணாமலை ஜில்லாவில் இந்த மூன்றாவது பதிலுக்கு மரியாதை அதிகம். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள். நான் மனசாட்சிக்குப் பயந்து கொடுத்துவிட்டேன்.

* * *

சரி, வழிக்கு வருவோம்.

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் என்பது எல்லோருக்கும் தெரியும். பௌர்ணமி தவிர்த்த நாளில், விடிவதற்கு முன், மர நிழலில் சைக்கிளுக்கு அருமையான ரோடுதான். சைக்கிளில் சுற்றினால் புண்ணியம் முழுசா, பாதியா என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். “செருப்பில்லாம மிதிச்சா முழுசு” என்றார். தீர்ப்பு சரியாகத்தான் படுகிறது.

அந்தப் பாதையிலிருந்து காஞ்சி ரோடு என்று ஒன்று பிரிகிறது. இந்தக் காஞ்சி வேறு. பட்டுப் புடவை வாங்கி வரச் சொல்லி வீட்டில் லிஸ்ட் கொடுத்துவிடப் போகிறார்கள். இது செய்யாற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கத்தைத் தொட்டுக்கொண்டு, கலசபாக்கம் வழியாக இறங்கிப் போகிற ஆறு. வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்தால் தண்ணீர் பார்க்கலாம்.

இந்த ஆற்றுக்கு ஒரு கதை உண்டு. பார்வதி காஞ்சிபுரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு நடந்து வருகிறாள். வழியில் வாழைப்பந்தலில் மணலைப் பிடித்து லிங்கம் வைக்கத் தண்ணீர் இல்லை. அம்மா கேட்டாள் என்று பிள்ளை முருகன் வேலை எறிந்தான். மலை பிளந்து ஆறு வந்தது. வந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. மலையில் தவம் செய்துகொண்டிருந்த ஏழு அந்தணர்களை வேல் சாய்த்துவிட்டது! அந்தத் தோஷம் நீங்க ஆற்றின் ஒரு கரையில் ஏழு கரைகண்டேஸ்வரர் கோயில்கள், எதிர்க்கரையில் ஏழு கைலாசநாதர் கோயில்கள். சேய் உண்டாக்கின ஆறு, அதனால் சேயாறு. பேச்சில் செய்யாறு ஆகிவிட்டது என்கிறது தல புராணம்.

கரைகண்டேஸ்வரர் கோயில் உள்ள ஏழு ஊர்கள்: காஞ்சி, கடலாடி, மாம்பாக்கம், தென்மகாதேவமங்கலம், எலத்தூர், பூண்டி, குருவிமலை. பேரைப் படித்தாலே ஒரு சைக்கிள் டூர் புரோகிராம் மாதிரி இல்லை? ஒரே ஆறு, அதன் கரையில் பழைய ஊர்கள், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மிதிக்கிற தூரம். லுவார் நதியில் கோட்டைக்குக் கோட்டை நிறுத்துவார்கள். இங்கே கோயிலுக்குக் கோயில். உண்டியல் தவிர டிக்கெட் கிடையாது.

வழி முழுக்கப் பர்வதமலை கூடவே வரும். 4,560 அடி. தலையில் மல்லிகார்ஜுனர் கோயில். மேலே ஏறுகிற இடத்தில் ஒரு பகுதிக்குக் கடப்பாறை நெட்டு என்று பேர். இரும்புக் கம்பியையும் சங்கிலியையும் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். சைக்கிள் மிதித்த அன்றே அதையும் ஏறுகிறேன் என்று கிளம்பாதீர்கள். மறுநாள் ஆபீஸில் நாற்காலியில் உட்கார முடியாது.

ரோட்டில் நெல் காயும். அறுவடை சமயத்தில் கேழ்வரகுக் கதிர், கொள்ளு எல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள், வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று. நம் சைக்கிளால் ஒரு மணியும் உதிராது. “ஏத்து சார், ஏத்து” என்று அந்த அம்மா சொல்வது மரியாதைக்காக. மல்லாட்டை பிடுங்குகிற காலமாக இருந்தால் கை நிறையக் கொடுப்பார்கள். (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மெட்ராஸ்காரர்களுக்காகச் சொன்னேன்.)

காலை எட்டரை மணிக்கு ஒரு வேடிக்கை. எதிரில் வரிசையாக சைக்கிள்கள் வரும். யூனிபாரம், ரெட்டைப் பின்னல், கேரியரில் புத்தகப் பை. பிளஸ் ஒன் படிக்கிறவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற இலவச சைக்கிள். 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, பிறகு எல்லோருக்கும் என்று ஆனது. நம் நாட்டின் உண்மையான சைக்கிள் டூரிஸ்ட்டுகள் இந்தப் பெண்கள்தான். ஒரு மேட்டில் நான் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் உட்கார்ந்த வாக்கிலேயே என்னைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று யூகிக்க நான் முயற்சி செய்யவில்லை.

* * *

இந்த வழியை நான் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு யாராவது பாராட்டினால் அது தப்பு. சங்க காலத்திலேயே ஒருவர் இதற்கு கைடு எழுதி வைத்துவிட்டார்.

பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு மலைபடுகடாம். 583 அடி. எழுதியவர் பெருங்கௌசிகனார். பள்ளிக்கூடத்தில் பேரை மட்டும் மனப்பாடம் செய்து ஒரு மார்க் வாங்கியிருப்பீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் நாலு பேர் தமிழ் விரும்பிப் படித்திருப்பார்கள்.

செங்கண்மாவை, அதாவது நம் செங்கத்தை, ஆண்ட நன்னனைப் பார்க்கப் போகிற கூத்தர்களுக்கு, ஏற்கெனவே போய்விட்டு வந்த ஒருவர் வழி சொல்கிறார். அதுதான் பாட்டு. எந்த இடத்தில் பாறை வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், தினைப்புனம் காக்கிறவன் கவண் கல் வீசுவான் பார்த்துப் போ, பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், அதனால் அந்த இடத்தை ராத்திரியில் தாண்டாதே, விடிந்ததும் போ... எல்லாம் இருக்கிறது. எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பது தனியாக, விஸ்தாரமாக! மலையில் இன்னது, ஆயர் வீட்டில் பால், வயல் பக்கம் வந்தால் மீனும் சோறும். ஆற்றைப் பிடித்துக்கொண்டு ஒரே கரையாகப் போகும்படியும் சொல்லியிருக்கிறார். அந்த ஆறு இதே சேயாறுதான். பாட்டில் வரும் நவிர மலை இதே பர்வதமலைதான் என்கிறார்கள் தமிழறிஞர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. வழி பிரிகிற இடங்களில், தப்பான வழியை விலக்கி, சரியான வழி தெரிகிற மாதிரி புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். ஏன்? பின்னால் வருகிறவன் தெரிந்துகொள்ள. பிரான்ஸில் ஒவ்வொரு முக்கில் சின்னப் பலகை நட்டு அம்புக்குறி போட்டிருக்கிறார்களே, அதே வேலை. செலவு ஒரு பிடி புல்.

இன்னொன்றும் சொல்கிறார். பிரிகிற பாதைகளில் போரில் புறமுதுகு காட்டாமல் இறந்தவர்களுக்கு நட்ட கற்கள் நிறைய இருக்கும் என்கிறார். சும்மா சொல்லவில்லை. செங்கம் வட்டாரத்தில் அத்தனை நடுகற்கள் கிடைத்தன. 1972-ல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனிப் புத்தகமே போட்டது. பல ஊர்களில் அந்தக் கல்லுக்கு வேடியப்பன் என்று பேர் வைத்து இன்றைக்கும் கும்பிடுகிறார்கள். காரில் எண்பதில் போகிறவன் கண்ணுக்கு அது ரோட்டோரத்துக் கல். சைக்கிளில் பன்னிரண்டில் போகிறவனுக்கு வில்லும் தெரியும், வாளும் தெரியும், கல்லில் வெட்டின எழுத்தும் தெரியும்.

அந்தக் கற்களில் என்னை அசரவைத்தது ஒரு நாய். இது செய்யாற்றுப் பக்கம் இல்லை. தெற்கே, தண்டராம்பட்டு தாண்டி, சாத்தனூர் அணைப் பக்கத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் கிடைத்தது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காப்பாற்றும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்பவர் இறந்துபோகிறார். அவருடைய நாயின் பேர் கோவிவன். அது கள்ளர்கள் இரண்டு பேரைக் கடித்து, எஜமானனோடு நின்றது. கல்லில் வீரன் பக்கத்தில் நாயையும் செதுக்கி, அதன் பேரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ராஜாக்களின் பெண்டாட்டிகள் பலருக்கே பேர் தெரியாத ஒரு காலத்தில் ஒரு கிராமத்து நாயின் பேர் நமக்குத் தெரிந்திருக்கிறது.

கோவிவனின் வாரிசுகள் இன்றும் எல்லா ஊர் எல்லையிலும் டியூட்டியில் இருக்கின்றன. சைக்கிள்காரனைத் துரத்துவது அவற்றின் பரம்பரை உரிமை. வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஜெயிக்க முடியாது. நிறுத்துங்கள். இறங்குங்கள். சைக்கிள் நடுவில், நாய் அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம். பேசாமல் இருபது அடி தள்ளிக்கொண்டு நடங்கள். அதன் எல்லை முடிந்ததும் அது திரும்பிவிடும். எட்டு மணி நேர வேலையை மட்டும் செய்கிற நேர்மையான ஊழியர்.

* * *

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

மார்கழியிலிருந்து மாசிவரை நல்ல காலம். சித்திரை, வைகாசி வேண்டவே வேண்டாம். அக்னித் தலம் என்று பேரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. பௌர்ணமி, கார்த்திகை தீபம் சமயத்தில் ஊருக்குள் சைக்கிள் என்ன, கால் வைக்கவே இடம் இருக்காது. காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பதினோரு மணிக்குள் நிழலில் உட்கார்ந்துவிட வேண்டும். முன்னால், பின்னால் லைட் கட்டாயம்.

கியர் சைக்கிள்தான் வேண்டும் என்பதில்லை. மலைக்கு நடுவில் ஓடினாலும் ஆற்றோர ரோடு பெரும்பாலும் சமதளம். சீட் உயரத்தைச் சரியாக வைத்தால் பாதி முட்டிவலி குறையும். மிதி கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நேராக வேண்டும். கைப் பம்பு, ஒரு ஸ்பேர் ட்யூப், பஞ்சர் சாமான் எடுத்துக்கொள்ளுங்கள். வேலிக்காத்தான் முள்ளுக்கு உங்கள் டயர் எந்தக் கம்பெனி என்று தெரியாது. முன்னெல்லாம் ஊருக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை, மணிக்கு இவ்வளவு என்று இருந்தது. இப்போது பஞ்சர் கடைக்காரர்கள் பைக்குக்கு மாறிவிட்டார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் பேச்சைக் கேளுங்கள். போல் த விவி. ‘வெலோசியோ’ என்ற பேரில் எழுதினவர். சைக்கிளில் ஊர் சுற்றுவதை ஒரு வாழ்க்கை முறையாகவே பிரான்ஸில் பரப்பினவர். அவர் சில விதிகள் வைத்தார். பசிக்கும் முன் சாப்பிட வேண்டும், தாகம் எடுக்கும் முன் குடிக்க வேண்டும், களைத்து விழும்வரை ஓட்டக் கூடாது. கடைசி விதி, வெறும் ஜம்பத்துக்காக மிதிக்கவே கூடாது. காலில் ஆப், கையில் வாட்ச், மணிக்கு எத்தனை என்று போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போடுகிற என் நண்பர் (ஒரு வங்கியில் இருக்கிறார்) இதைப் படித்தால் கோபித்துக்கொள்வார். அதே வெலோசியோ 1930-ல் இறந்தார். எப்படி? தான் குடியிருந்த ஊர்த் தெருவில், சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தபோது, டிராம் மோதி. மலை மலையாக மிதித்த மனிதரை மலைகள் ஒன்றும் செய்யவில்லை. டவுன் டிராபிக் கொன்றது.

செலவுக் கணக்கு: டீ, இட்லி, மோர், ஒரு அவசர பஞ்சர்... இருநூறு ரூபாய்க்குள். வரவு: ஒரு முழுப் பகல். வேறு எதிலும் இவ்வளவு லாபம் நான் பார்த்ததில்லை.

* * *

கடைசியாக ஒரு விஷயம். இதற்காகத்தான் இந்த வாரம் முழுப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டேன்.

2015-ல் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்ட ஆரம்பித்தார்கள். ஊர்க்காரர்களும் பக்தர்களும் எதிர்த்தார்கள். விஷயம் பசுமைத் தீர்ப்பாயம்வரை போயிற்று. அந்த மரங்களுக்குக் கேட்க ஆள் இருந்தது. ஏன்? அந்த ரோட்டில் மாதா மாதம் லட்சக்கணக்கானவர்கள் காலால் நடக்கிறார்கள். எந்த மரத்தின் நிழல் எவ்வளவு சுகம் என்று அவர்கள் பாதத்துக்குத் தெரியும்.

காஞ்சி ரோட்டுப் புளிய மரத்துக்கு யார் இருக்கிறார்கள்? கடலாடிப் பக்கத்து ஏரிக்கரை ரோட்டுக்கு? நாளைக்கு ஒருவர் வந்து, இது குறுகலாக இருக்கிறது, நாலு வழி ஆக்கினால் பெங்களூருக்குப் பதினைந்து நிமிஷம் மிச்சம் என்றால், எல்லோரும் கைதட்டுவோம். மரம் போகும். வேடியப்பன் கல்லை ஓரமாக நகர்த்துவார்கள். மைல்கல்லின் தலையில் மஞ்சள் பெயின்ட் அடிப்பார்கள். ரெட்டைப் பின்னல் பெண்ணின் அப்பா, இனிமேல் சைக்கிள் வேண்டாம்மா, பஸ்ஸில் போ என்பார். பஸ் இல்லாத நாளில் அவள் வீட்டில் இருப்பாள்.

ரோடே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த டீக்கடைக்காரருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக நல்ல ரோடு வேண்டும். ஆனால் எல்லா ரோடும் லாரிக்கே என்று யாரும் நமக்கு விதி எழுதி வைக்கவில்லை. பிரான்ஸில் அந்தப் பாதைகள் பிழைத்திருப்பதற்குக் காரணம் பலகை மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதில் ஆட்கள் போகிறார்கள். ஆள் போகிற பாதையைத் தொட அதிகாரிக்குக் கொஞ்சம் யோசனை வரும்.

நம்மில் பலருக்கு சைக்கிள் என்றால் பைக் வாங்க வசதி இல்லாத காலத்து ஞாபகம். 2020 ஜூன் 3-ம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே, அட்லஸ் கம்பெனி சாஹிபாபாத்தில் தன் கடைசித் தொழிற்சாலையை நிறுத்தியது. நம் அப்பாக்கள் ஆபீஸ் போன வண்டி. அவர்களுக்கு அது கௌரவக் குறைச்சலாக இருக்கவில்லை. நமக்கு மட்டும் ஏன் இருக்கிறது என்று தெரியவில்லை.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை லீவுதானே? டி.வி.யை விட்டு ஒரு பகல் எழுந்து போய்விட்டு வாருங்கள். டீக்கடையில் வழி கேளுங்கள். மெயின் ரோட்டைத்தான் காட்டுவார். நல்ல மனிதர், நம் நன்மைக்குத்தான் சொல்கிறார். ஒரு கும்பிடு போட்டுவிட்டு மற்ற பக்கம் திரும்புங்கள். வழி பிரிகிற இடத்தில் ஒரு பிடி புல்லை முடிந்து வைக்க மறக்காதீர்கள். பின்னால் நான் வந்துகொண்டிருப்பேன், மேட்டில் தள்ளிக்கொண்டு.